சிவப்பு நூல் கட்டாத கத்தி

"என்னை ஒண்டும் விளங்காத பேயன் எண்டு நினைச்சீரோ, தம்பி?"

சிவபாலன் முதலாளி இப்படிக் கேட்டதும் நப்ரீஸ் இருந்த இடத்தை விட்டு எழும்பிவிட்டான்.

முதலாளிக்கு முன்னால் பழைய சாரன் துணித் துண்டு ஒன்று அவிழ்ந்து கிடந்தது. அதற்குள் ரெண்டு கத்தி. ரெண்டும் நப்ரீஸ் தன் கையால், லொறி வில்லுத் தகட்டைக் காய்ச்சி அடித்துச் செய்தவை. ரெண்டும் இப்போதுதான் பட்டறையிலிருந்து வந்த மாதிரிப் பளபளவென்று மின்னின.

அதுதான் வினையாய்ப் போனது.

விஷயம் இதுதான். கத்தியில் கறள், அதுதான் துரு, பிடிக்காமல் இருக்க நப்ரீஸ் ஒரு பூச்சுக் கண்டுபிடித்திருந்தான். நிறமில்லாத பூச்சு. பூசினதும் பூசாததும் பார்வைக்கு ஒன்றுதான்.

"ஒரு மாசம் உப்புத் தண்ணிக்குத் தாக்குப் பிடிச்சா, என்ர வெள்ளவத்தைக் கடையில வைச்சு விக்கிறன்" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

நப்ரீஸும் ஒரு கத்திக்குப் பூசி, அடையாளத்துக்குப் பிடியில் சிவப்பு நூல் கட்டினான். மற்றதற்கு ஒன்றும் பூசவில்லை. அது கறள் பிடித்து நாசமாய்ப் போனால்தானே இதன் அருமை தெரியும்! ரெண்டையும் சாரன் துண்டில் சுற்றி, முகத்துவாரத்தில் கடலைப் பார்த்த தன் வீட்டு பல்கனியில் தொங்கவிட்டான். காலையில் பட்டறைக்குப் போகுமுன் அந்த மூட்டைமேல் ஒரு கோப்பை உப்புத் தண்ணீர் ஊற்றுவான். முதலாளி கையால்தான் அவிழ்க்க வேண்டும் என்று நேர்ச்சை வைத்தவன் போல, தான் ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை.

அவன் மனைவி நிஹ்லாவுக்கோ இந்த மூட்டையைக் கண்ணிலேயே காட்டக்கூடாது.

"கட்டார் விசா வந்து கிடக்குது. ஊரே அதுக்குத் தவம் இருக்குது. நீங்க இங்க கத்திக்குத் தண்ணி வார்த்துக்கொண்டு நிக்கிறீங்க!"

"இது சரிவந்தா நான் ஏன் புள்ள கட்டாருக்குப் போகணும்?"

"சரிவந்தாத்தானே! பேசாம அங்க போற வழியப் பாருங்க."

மாதம் முழுக்க இதே பாட்டு. கட்டின புருசனைத் துரத்துவதில் ஒரு மனிசிக்கு இவ்வளவு அவசரமா என்று நப்ரீஸுக்கு மனம் விட்டுப்போயிருந்தது. எதைச் சொன்னாலும் சண்டை என்று, ஒன்றுக்கு மட்டும்தான் பூசினது, நூல் அதற்கு அடையாளம் என்ற விவரம் ஒன்றையும் அவளிடம் அவன் வாய் திறக்கவில்லை.

இன்றைக்குத்தான் முதலாளி வந்து மூட்டையை அவிழ்த்தார்.

"நூல் கட்டினதுக்குத்தானே பூசினது?"

"ஓம் முதலாளி."

"மற்றதுக்கு?"

"ஒண்ணும் பூசல்ல."

"அப்ப அதில ஏன் கறள் இல்லை? இந்தக் கடற்காத்துக்கு உம்மட ஜன்னல் கம்பியே உக்கிப் போச்சு. பூசாத கத்தி மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி மினுங்குது!"

முதலாளி கத்தியை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"தேங்காயெண்ணெய்!"

"வல்லாஹி, நான் தொடல்ல முதலாளி!" நப்ரீஸின் கண் கலங்கிவிட்டது. "எனக்கு எதுவும் விளங்கல்ல. ஆனா என்ட வேலையில கள்ளம் இல்ல."

சிவபாலன் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு நூல் கட்டின கத்தியையும் மோந்து பார்த்தார்; அதிலும் அதே எண்ணெய் வாசம். கோபம் மெல்ல இறங்கியது.

"ஓம், நீர் செய்யேல்லை. கள்ளன் எண்டால் நூல் கட்டினதுக்கு மட்டும் எண்ணெய் தடவிப்போட்டு, மற்றதைக் கறள் பிடிக்க விட்டிருப்பான். இது எது எதெண்டு தெரியாத ஆளின்ர வேலை."

குசினிக்குள் கலகலத்துக்கொண்டிருந்த தேத்தண்ணிக் கோப்பைகளின் சத்தம் சட்டென்று நின்றது.

"நிஹ்லா!"

அவள் வாசலில் வந்து நின்றாள். தலை நிமிரவில்லை.

"நீங்க பட்டறைக்குப் போனதும் அவிழ்த்து, நல்ல தண்ணியில கழுவி, எண்ணெய் தடவி, திரும்பச் சுத்தி வைச்சேன். ரெண்டும் பூசினது எண்டுதான் நினைச்சேன். ஒண்டு கறள் பிடிக்கவே வைச்சது எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே!"

சிவபாலனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை.

"தங்கச்சி, காப்பாத்தப் போய் மனிசனைக் கள்ளனாக்கப் பார்த்தீரே! பூச்சு நல்லதோ கூடாதோ எண்டு இப்ப எங்கள் ஆருக்கும் தெரியாது." அவள் கொண்டுவந்து கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினார். "தம்பி, புதுசா ரெண்டு தாரும். நானும் கடற்கரைப் பக்கம்தான் இருக்கிறன். இந்தமுறை என்ர வீட்டில தொங்கட்டும். கட்டார்க்காரரை ஒரு மாசம் பொறுக்கச் சொல்லும்."

அவர் படியிறங்கிப் போனார். நப்ரீஸுக்கு மனைவியை ஏசுவதா, வேறென்ன செய்வது என்றே தெரியவில்லை.

"ஏன் புள்ள இப்பிடிச் செஞ்ச? போங்க போங்க எண்டு ஒரு மாசமாக் கரைச்சல் தந்தது நீதானே?"

நிஹ்லா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள்.

"என்னாலதான் உங்கட விசா போச்சு எண்டு நாளைக்கு ஒரு பேச்சு வரப்படாதே. அதுக்குத்தான் வாய் போங்க எண்டு சொல்லிச்சு. கைதான் கேக்கல்ல."