ஈச்சம்பொதருல கூவுன பட்சி

"இன்னா பட்சிடா அது?"

வெள்ளக்காரனுக்குப் பாஷை மாத்திச் சொல்ற கோட்டை துபாஷி ஆதிநாராயணன் பழவேற்காட்டுக் கரையில நின்னு கேட்டான்.

ஈச்சம்பொதருக்குள்ள மறுபடியும், "ஊப்... ஊப்... ஊப்..."

பட்சி கண்ணுல படல.

"ஆந்தைங்க சாமி." படகுக்காரங்க தலைவன் அங்கமுத்து கும்புட்டான். "ஆந்தை அலறுனா அன்னிக்கு எங்க குப்பத்துப் படகு தண்ணியில எறங்காது. கோட்டைக்கும் தெரிஞ்ச ஊர்க் கட்டுப்பாடுங்க."

பின்னால நின்ன மச்சினன் வேலு காதுல ஊதுனான். "மாமா, அது செம்போத்து. கேட்டா கல்யாணமே வெக்கலாம், அவ்ளோ நல்ல சகுனம்."

"தெரியும். வாய மூடு."

"நான் மூடிக்கறேன். அது மூடணுமே!"

அது மூடல. கச்சேரி கணக்கா கூவிச்சு.

தூரத்துல ஒலாந்தா தேசத்து வெள்ளக்காரன் கப்பல் நின்னுது. கரைக்கு வந்தா தரை தட்டிடும். குப்பத்துப் படகுதான் ஆளுங்கள ஏத்திக்கினு போவணும். ஆளுங்கன்னா, பஞ்சத்துல நெல்லக் குடுத்து அடிமையா வாங்குன சனம். கோட்டை மதிலோரம் கயித்துல கட்டி ஒக்கார வெச்சிருந்தாங்க. அதுல பால்குடிப் புள்ளைங்களும் இருந்துச்சு.

வாடைக்காத்து ஆரம்பிச்சாச்சு, இனிமே கப்பல் இங்க நிக்க முடியாது. இன்னிக்கு ஏத்தலன்னா கப்பல் காலியாத்தான் கெளம்பணும்.

"பொய் சொன்னா முதுகுத்தோலு உரிஞ்சிடும், தெரியுமில்ல?" துபாஷி மொறைச்சான்.

"தெரியுங்க." அங்கமுத்து இன்னொரு கும்புடு போட்டான்.

"போச்சு மாமா," வேலு முணுமுணுத்தான். "வெள்ளக்காரன் தும்முனா மூக்கத் தொடைச்சுக்கற ஆளு இவன். நம்மள வுடுவானா?"

கப்பல் கப்பித்தான் சாட்டையோட வந்து ஏதோ கத்துனான்.

"ஊப்... ஊப்..."

துபாஷி பொதரைப் பாத்தான். அங்கமுத்துவைப் பாத்தான். அப்புறம் கப்பித்தானாண்ட அவன் பாஷையில நீளமா ஏதோ சொன்னான்.

அங்கமுத்து கண்ண மூடிக்கினான்.

அடி வுழல. கண்ணத் தொறந்தா, கப்பித்தான் மணலை எட்டி ஒதைச்சுட்டுத் திரும்பிப் போறான். கொஞ்ச நேரத்துல கப்பல்ல பாய் விரிஞ்சுது. காலியாவே கெளம்பிச்சு.

துபாஷி அங்கமுத்து கிட்ட வந்தான். வேற யாருக்கும் கேக்காத மாதிரி சொன்னான்:

"அடுத்த தபா வேற பொய் யோசிச்சு வையி. எங்கூட்டு வேலியாண்ட தெனமும் செம்போத்து கூவுது."