சுவரோரத்து ஈரம்

எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலத்தின் மூலக்கூறு ஒன்று கண்ணாடிக் குழாய்க்குள் வந்து இறங்கியது. சாதாரண மூலக்கூறு அல்ல. மற்றவை ஹைட்ரஜனை வைத்திருக்கும் இடத்தில், இது ஹைட்ரஜனின் இரு மடங்கு கனமான வகையான டியூட்டீரியத்தைச் சுமந்தது. அதனால் இதன் அதிர்வு தாழ்ந்த குரலில் தனியாக ஒலிக்கும். அதைக் கேட்கத்தான் அகச்சிவப்பு ஒளி வரவிருந்தது.

குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த ஈரம் அன்பாகக் கூப்பிட்டது.

"வாம்மா. இவ்வளவு பாரத்தோட எப்படி நிக்கிறே? பார்க்கவே பாவமா இருக்கு."

"எனக்குப் பாரமாவே தெரியலையே."

"உனக்குப் பழகிப்போச்சு. நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க? அதை என்கிட்ட குடு. எல்லாரும் வச்சிருக்கிற மாதிரி ஒண்ணு நான் தர்றேன்."

நாலு பேர் என்றதும் மூலக்கூறு கூசிப்போனது. தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஈரம் தந்ததை மாட்டிக்கொண்டது.

ஒளி வந்து ஆசையாகக் காது கொடுத்தது. உடனே முகம் சுளித்தது.

"இதைத்தான் எத்தனையோ தடவை கேட்டாச்சே! இங்கே வேற மாதிரி ஒருத்தி இருக்கான்னாங்க?"

"அது நான்தான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்று ஒளி போய்விட்டது.

ஒளி கேட்டதைக் காட்டும் திரையைப் பார்த்து ஆராய்ச்சியாளர் தில்லைநாயகி தலையில் அடித்துக்கொண்டார். "சாதா அமிலத்தை அனுப்பி ஏமாத்திட்டாங்க!" பம்பைப் போட்டுக் குழாயிலிருந்த அமில ஆவியை வெளியேற்றினார். சுவரை அவர் சந்தேகப்படவே இல்லை.

அடுத்த குப்பி திறந்தது. புதிதாக வந்த மூலக்கூறைப் பார்த்து ஈரம் உருகியது.

"வாம்மா. உனக்கு முன்னாடி வந்தவ என் பேச்சைக் கேக்கலை. பாவம், அந்தப் பாரத்தாலேயே போய்ச் சேர்ந்துட்டா."