நாய்க்காசு

"அம்மிணி, எட்டி நில்லுங்க. உங்க மெட்டிக்குத்தான் கத்துது," என்றார் குப்புராசு.

அவள் இரண்டடி பின்வாங்கினாள். அவர் திரும்பியதும் மறுபடி ஒட்டிக்கொண்டாள்.

காலையிலிருந்து இதே கதைதான். கொலுசைக் கழற்றிவிட்டாள். வளையலையும் கழற்றிவிட்டாள். மெட்டியை எப்படிக் கழற்றுவது? அங்கே மோட்டார் ரூம் படியில் புருஷன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறான்.

குப்புராசின் மிஷின் ஒரு நீளக் கம்பு, அடியில் ஒரு தட்டு, அவ்வளவுதான். இரும்போ செம்போ வெள்ளியோ பக்கத்தில் இருந்தால், மண்ணுக்கடியிலானாலும், கீச்சென்று கத்தும். அதை வைத்துச் செய்வினை எடுப்பது அவர் பிழைப்பு. தோட்டத்தில் யாரோ தகடு புதைத்திருக்கிறார்கள் என்று அத்தை முடிவே கட்டிவிட்டாள். இல்லாவிட்டால் போர் போட்ட இடத்தில் தண்ணீர் வராமல் எதற்கு வெறும் புகை வர வேண்டும்? எட்டாம் மாதத்தில் பிள்ளை எதற்கு வயிற்றிலேயே அடங்க வேண்டும்?

இந்தப் பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதவள், இந்த முறை தானாகவே ஆளை வரச் சொன்னாள். மருமகளுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று அத்தைக்குச் சந்தோஷம்.

அவள் தேடியது தகட்டை அல்ல.

ஒரு நாய்க்காசை.

நாய் உருவம் பொறித்த சின்னச் செப்புக் காசு. பிள்ளை பயந்து அலறாமலிருக்க அரைஞாணில் கோத்துக் கட்டுவது. பிறக்கும் முன் வாங்கக் கூடாது என்பார்கள். ஆசை யாரை விட்டது, அவள் வாங்கிவிட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் துணி சுற்றுவதற்கு முன் அசையாத அந்த இடுப்பில் அவளே கட்டினாள். யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் புருஷன் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனான்.

எங்கே புதைத்தான் என்று இன்றுவரை சொல்லவில்லை. பெற்றவளுக்கு இடத்தைக் காட்டினால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாள், அடுத்தது தங்காது என்று பெரியவர்கள் அவனிடம் சத்தியம் வாங்கிவிட்டார்கள். நம்ம தோட்டம்தான் என்றான், அதோடு சரி. மேலே கேட்டால் எழுந்து போய்விடுவான்.

நம்ம தோட்டம் என்றால் நாலு ஏக்கர்.

வேப்பமரத்தடியா, தண்ணித்தொட்டி ஓரமா, மாட்டுக்குப் புல் அறுக்கும் வரப்பா? எங்கே கால் வைத்தாலும் இங்கேதானோ என்று காலை எடுத்துக்கொண்டாள். தோட்டத்துக்கு வராமலும் இருக்க முடியவில்லை.

மிஷினுக்குச் செய்வினையும் தெரியாது, சைக்கிள் செயினும் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே கத்தல்தான். கத்திய இடத்திலெல்லாம் கடப்பாரை விழுந்தது. மாட்டு லாடம் வந்தது. ஓட்டைக் காலணா வந்தது. தலை நுழையும் அகலத்தில் ஓர் இரும்பு வளையம் வந்தது, துரு தின்று, யாருக்கும் இன்னதென்று பிடிபடாமல்.

இது வயிற்றுக்கட்டு, வாரிசு தங்காமலிருக்கப் போட்டது என்றார் குப்புராசு.

அத்தை அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைத்த காலத்துச் சால் வளையம் என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று முழித்தாள்.

கடைசியில் கேட் ஓரம் சுருட்டிய தகடு ஒன்றும் கிடைத்தது. இத்தனை காலம் மண்ணில் கிடந்த செம்பு, களிம்புகூட ஏறாமல் பளபளத்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குப்புராசு கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

"இன்னும் வேலியோரம் பாக்கலீங்க," என்றாள் அவள்.

மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான்.

குப்புராசு அலுத்துக்கொண்டே கம்பைத் தூக்கினார்.

வேலியோரம் முழுக்க நெருஞ்சி. செருப்பில்லாமல் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். தட்டு இடமும் வலமும் ஆடிக்கொண்டே போனது. கடப்பாரையைத் தரையில் இழுத்துக்கொண்டு அவர் நடந்தார். அது கல்லில் உரசிய சத்தத்தில்தான் அவளுக்கு உறைத்தது.

மிஷின் கத்தும் வரைக்கும்தான் அவள் யோசித்திருந்தாள்.

போதும், திரும்பிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவளுக்கு அந்த இடம் தெரிந்தாக வேண்டும். கால்கள் அவர் பின்னாலேயே போயின.

கீச்.

சன்னமாக, ஒரே ஒரு தடவை.

காசா, மெட்டியா? அவள் கால் தட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

குப்புராசு கம்பைச் சாய்த்துவிட்டுக் கடப்பாரையை ஓங்கினார். அங்கிருந்து அவன் ஓடி வருவது தெரிந்தது.

அவள் காலை முன்னே நீட்டினாள்.

"என் மெட்டிதானுங்க."

ஓங்கிய கை இறங்கியது. இப்படிக் காலையே சுற்றிச் சுற்றி வந்தால் மனுசன் என்னத்தைத் தேடுவது என்று குப்புராசு முணுமுணுத்தார். மிஷினையும் கடப்பாரையையும் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அத்தை சமாதானம் சொல்லிக்கொண்டே பின்னால் போனாள்.

அவள் நகரவில்லை.

ஓடி வந்தவன் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டான். மூச்சு இரைத்தது. அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பொய் சொன்னால் எப்படியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும்.



அவன் குனிந்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

பிறகு நெருஞ்சி மேல் வெறுங்காலோடு அவளிடம் வந்தான்.