ஹீட்டர் இருந்த இடம்

மெக்கானிக் தென்னரசு போனை ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் மகள் மதிவதனி நின்றிருந்தாள்.

“மாமா, வண்டி இன்னும் ஸ்டார்ட் ஆவல,” என்றான் மருமகன் பிரபாகரன். ஆப்பிள் லோடு ஏற்ற காஷ்மீருக்கு லாரி ஓட்டிப் போனவன். “நேத்துலேருந்து பனி கொட்டிகினு இருக்கு. ரோடும் மூடிட்டாங்க. கை வெறச்சுப் போச்சு.”

“பேட்டரி?”

“நல்லாதான் சுத்துது. இன்ஜின் புடிக்கல.”

“அப்ப ஹீட்டர்தான் மாப்ள. இன்ஜினுக்குப் போற காத்தைச் சூடாக்கறது. ஏர் பைப் முடியற எடத்துல ரெண்டு தடி ஒயர் வரும் பாருங்க.”

கொஞ்ச நேரம் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“ஒயரே இல்ல மாமா. ஹீட்டரைக் கழட்டிட்டு வெறும் தகடு வெச்சிருக்காங்க.”

“எவன் கழட்டினது? அவன் மெக்கானிக்கா, கொலகாரனா? உங்க மொதலாளியைக் கேட்டீங்களா?”

“அவரே செகண்ட்ஹேண்ட்ல எடுத்த வண்டி. அவருக்கும் தெரியாதாம்.”

“தகட்டுல அடையாளம் ஏதாச்சும் இருக்கா? ஆளைப் புடிச்சிடலாம்.”

“இருக்கு மாமா. பட்டுச்சேலை பார்டர்ல வர்ற மாதிரி ஒரு மயில் குத்தியிருக்கு.”

போன் கட்டானது. மதிவதனி திரும்பத் திரும்ப அடித்தாள். “சுவிட்ச் ஆஃப்னு வருதுப்பா.”

தென்னரசு கீழே குனிந்து பார்த்தார். ‘ஆரணி வெயிலுக்கு எதுக்குங்க ஹீட்டர்’ என்று சொல்லி, காலையில் ஒரு லாரியிலிருந்து அவர் கழற்றியது காலடியில் கிடந்தது. அந்த இடத்தில் வைக்க வேண்டிய தகடு அவர் கையில் இருந்தது. அதில் மயிலுக்குத் தோகை மட்டும்தான் இன்னும் குத்தவில்லை.