பச்சைச் சுவரும் மூன்று அடியும்

ஒரு கம்ப்யூட்டருக்குள்ளே அண்ணன் தம்பியாக இரண்டு வீடியோக்கள் இருந்தன. இரண்டிலும் ஒரே காட்சிதான். பச்சைச் சுவரைப் பிடித்து நிற்கும் குழந்தை நிலோபர், கையை விட்டுவிட்டு முதன்முதலாக மூன்று அடி நடக்கிறாள். அண்ணன் எதையும் சுருக்காதவன், மலை மாதிரி இருப்பான். தம்பி சுருக்கிச் சொல்கிறவன், கைக்குள் அடங்கிவிடுவான்.

நிலோபரின் வாப்பா கப்பலில் வேலை பார்க்கிறார். அன்றைக்குக் கப்பல் கரையோரமாகப் போனதால் பத்து நிமிஷம் சிக்னல் கிடைத்தது. அதற்குள் வீடியோ அவர் போனுக்குப் போய்ச் சேர வேண்டும். அதை விட்டால் இரண்டு மாசம் ஆகும்.

"நான்தான் முழுசு, நானே போறேன்" என்று அண்ணன் கிளம்பினான். முதல் படத்தில் சுவர் பச்சை என்றான். அடுத்த படத்திலும் பச்சை என்றான். ஒரு நொடிக் காட்சிக்கு முப்பது படம்; முப்பது தடவையும் அதையே சொன்னான்.

"அண்ணே, சுவரு எங்கயும் போகலையே. ஒரு தடவை சொன்னாப் போதாதா?" என்றான் தம்பி.

"நாளைக்கு யாராச்சும் கேட்டா நீயா பதில் சொல்லுவே?"

எட்டு நிமிஷம் போய்விட்டது. அண்ணன் சொன்ன வரைக்கும் நிலோபர் இன்னும் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கொஞ்சம் ஒதுங்குண்ணே" என்று தம்பி புகுந்து ஓடினான். சுவரை ஒரு தடவை சொன்னான். அப்புறம் அசைந்ததை மட்டும் சொன்னான். சிக்னல் போவதற்குள் வாப்பாவிடமிருந்து பதிலும் வந்துவிட்டது: "என் புள்ள நடந்துட்டா."

தம்பி திரும்பி வந்ததும் அண்ணன் மெதுவாகக் கேட்டான்.

"சுவரு பச்சைன்னு சொன்னியா?"

"சொன்னேண்ணே. அவர் புள்ளையோட பாதத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு."