மூன்றாவது தடவை

“மூணாவது தடவையும் அதே விடைதாம்மா வந்திருக்கு. எங்க சாரு ஆய்வேட்டுல இன்னும் கையெழுத்துப் போடல்ல” என்று ஜினிஷா போனில் அழுதாள்.

அவள் அம்மா செல்லபாய், ரப்பர் பால் வாளியைத் தோட்டத்திலேயே வைத்துவிட்டுக் கருங்கல் பஸ் நிலையத்தில், மகள் படிக்கும் இடத்துக்குப் பஸ் ஏறினாள். சண்டை போடத்தான் போகிறாள். ஆனாலும் வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லை. பையில் ஒரு சீப்பு மட்டி வாழைப்பழம் இருந்தது.

பேராசிரியர் வைகுண்டராஜன் சாதாரண ஆளில்லை. ஆற்றுத் தண்ணீர் பாலத்தூணைச் சுற்றிச் சுழன்று அடிமண்ணை எவ்வளவு ஆழம் பறிக்கும் என்று கணக்குச் சொன்னவர். இருபத்தைந்து வருடமாக அந்தக் கணக்கை நம்பித்தான் தூண் இறக்குகிறார்கள்.

‘அதைவிட ஆழமாகப் பறிக்கிறது சார்’ என்று எட்டு மாதம் முன்பு கண்டுபிடித்தாள் அவருடைய ஆராய்ச்சி மாணவி ஜினிஷா. அன்று பிடித்தது சனி. ‘இன்னொரு தடவை சோதனை செய்’ என்றார். செய்தாள். ‘இன்னும் ஒரு தடவை’ என்றார்.

செல்லபாய் லேபுக்குள் நுழைந்தபோது, நீளமான கண்ணாடித் தொட்டிக்குள் கைவிட்டு மாதிரிப் பாலத்தூணடியில் மணல் பறிந்த ஆழத்தை அளந்துகொண்டிருந்தார் பேராசிரியர்.

“சாரே, நான் ஜினிஷாவுக்க அம்மை.”

“வாங்க, இரிங்க.”

“இரிக்க வரல்ல. உங்களுக்க கணக்கு தப்புன்னு எனக்க பிள்ளை கண்டுபிடிச்சா. வெளிய தெரிஞ்சா பேரு போவும்னுதானே அவளைப் போட்டு இழுத்தடிக்குதிய?”

“எம்மா, சும்மா இரு” என்று ஜினிஷா ஓடி வந்தாள்.

“நீ சும்மா இரி மக்களே. இந்த மாசத்துக்குள்ள ஆராய்ச்சிய முடிச்சுக் குடுக்கல்லன்னா, கிடைச்ச காலேஜ் வேலை போச்சு. சாருக்கு என்ன?”

பேராசிரியர் கையைத் துடைத்துக்கொண்டார். “நானும் அளந்து பாத்துட்டேன். என் கணக்கு தப்புதான்” என்று சொல்லி, ஜினிஷாவின் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார்.

செல்லபாய்க்கு ஆறவில்லை. “இதை எட்டு மாசம் முன்ன செய்தா என்ன? அதுவரைக்கும் உங்களுக்க பேரு தப்பிச்சுல்லா?”

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடித நகலை ஜினிஷாவிடம் கொடுத்தார். பாலம் கட்டும் அலுவலகங்களுக்கெல்லாம் அவர் எழுதியது.

அவள் உரக்கப் படித்தாள். “‘என் கணக்கு தவறு. இனி எந்தப் பாலத்துக்கும் அதைப் பயன்படுத்த வேண்டாம். சரியான கணக்கை என் மாணவி ஜினிஷா தருவாள்.’”

தேதியைப் பார்த்ததும் அம்மா பக்கம் திரும்பினாள். “எம்மா, இது நான் முதல் தடவை செய்து முடிச்சதுக்கு மறுநாளு.”

செல்லபாய் மட்டிப் பழத்தை மெல்ல எடுத்து மேசைமேல் வைத்தாள். “பின்ன எதுக்கு சாரே, மூணு தடவை?”

பேராசிரியர் ஒரு பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார்:

“பாலத்து மேல பஸ்ஸு ஓடுதே அம்மா. எனக்க கணக்கைத் தூக்கிப்போட ஒரு தடவை போதும். உங்க பிள்ளைக்க கணக்கை உலகம் நம்பணும்னாத்தான் மூணு தடவை வேணும்.”