ஊழியர் வைஃபை

"முடியாதுன்னா முடியாது. உனக்கு விருந்தினர் வைஃபைதான்."

மெதெர்பெக் கணினியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அந்தத் தண்ணீர் ஆய்வகத்தில் யார் போனை எந்த வைஃபையில் சேர்ப்பது என்பது அவன் பொறுப்பு.

சைக்கால் நகர்கிற மாதிரி இல்லை.

"நான் விருந்தாளியாண்ணே? வேலை நிரந்தரமாகி மாசம் ஒண்ணாச்சு. கழுத்துல அட்டை தொங்குதே, கண்ணு தெரியலையா?"

"விருந்தினர் வைஃபைக்கு என்ன குறைச்சல்? அதுலயும்தான் படம் ஓடுது, பாட்டு ஓடுது."

"படம் பாக்கவா இங்க வந்தேன்?"

பக்கத்து மேசையில் சம்சாவைக் கடித்துக்கொண்டிருந்த குல்பாரா அக்கா, இயக்குநரின் செயலாளர், வேடிக்கை பார்த்துச் சிரித்தாள்.

"குடுத்துத் தொலையேன் மெதெர்பெக். பொம்பளைப் பிள்ளைன்னா இளக்காரமா உனக்கு?"

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் சொல்லலாம். இந்த அக்காவை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீரில் ஈயம் இருப்பதைக் கண்டுபிடித்தவள் சைக்கால். அறிக்கையை எத்தனை முறை நீட்டியும் இயக்குநர் கையால்கூடத் தொடவில்லை. பிள்ளைகள் இன்றைக்கும் அதைத்தான் குடிக்கிறார்கள். தலைநகர் பிஷ்கெக்கிலுள்ள சுகாதாரத் துறைக்கு இன்று மின்னஞ்சல் அனுப்பிவிடப் போகிறேன் என்று காலையில் மெதெர்பெக்கிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

ஊழியர் வைஃபையில் யார் எதை அனுப்பினாலும் ஒரு நகல் இயக்குநருக்குப் போய்விடும். அப்படிச் செய்யச் சொன்னவர் அவர், செய்து கொடுத்த புண்ணியவான் இவன். விருந்தினர் வைஃபையில் போவதை ஒருவரும் கண்காணிப்பதில்லை. அந்த மின்னஞ்சல் இயக்குநர் கண்ணில் பட்டால் இவள் வேலை அன்றோடு சரி.

"எந்திரம் கோளாறு. நாளைக்கு வா."

"கோளாறு எந்திரத்துலயா, உங்களுக்கா?"

"ஏய், வாயை அடக்கு!"

"அடக்க மாட்டேன். எனக்குச் சேர வேண்டியதைத்தானே கேக்கறேன்?"

"இருடி, நான் கேக்கறேன்" என்று குல்பாரா அக்கா போனை எடுத்து இயக்குநரிடம் இரண்டே வார்த்தை பேசினாள். "ஐயா குடுக்கச் சொல்லிட்டார்."

வேறு வழியில்லை. மெதெர்பெக் அவள் போனை வாங்கி, மனசில்லாமல் சேர்த்துக் கொடுத்தான். சைக்கால் அங்கேயே நின்று எதையோ தட்டினாள்.

அக்கா கை கழுவப் போனதுதான் தாமதம், அவன் பாய்ந்து வந்தான்.

"அனுப்பிடாதே! வெளியே போய் அனுப்பு!"

"அனுப்பிட்டேண்ணே."

மெதெர்பெக் தலையில் அடித்துக்கொண்டான்.

"அடிப்பாவி! உன்னைக் காப்பாத்தத்தானே இவ்வளவு நேரம் கெட்ட பேர் வாங்கினேன்! இதுல போறது மொத்தமும் நாள், மணியோட அந்தாள் பெட்டியில நகலா விழும். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே." சைக்கால் அடையாள அட்டையைக் கழற்றி அவன் மேசையில் வைத்தாள். "இனிமே 'என் பார்வைக்கே வரலை'ன்னு அந்தப் பிள்ளைங்களைப் பெத்தவங்ககிட்ட அவர் சொல்ல முடியாதில்ல?"